அடாப்டர் கொண்டுவந்த கிரிப்

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து ஸ்டூடியோவுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான். பதினான்கு வருடமாக அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதில் பாதியைத் தடுப்பு வழியாகக் காதால் கேட்டும், மீதியை டீ குடிக்கப் போகிற சாக்கில் கண்ணால் பார்த்தும் வந்தவன் நான்.

ஸ்டூடியோவில் படம் எடுப்பது தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. முதல் நாளே ‘ஜெராக்ஸ் அண்ணே’ என்று கூப்பிட்டாள், அதோடு உறவு முடிவாகிவிட்டது. அவள் வீட்டுக்காரர் பின்னறையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். எல்லாரும் சட்டக்காரர் என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டு வக்கீல் என்று நினைத்து, வீட்டு வில்லங்கத்தோடு வந்து நின்றவர்கள் இரண்டு பேர். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்துத்தான், “ஒரு போட்டோ எடுக்கணும் சார்” என்பார்கள். அவர் ரம்பத்தை நிறுத்தாமல் மோவாயால் மனைவியைக் காட்டுவார்.

தங்கச்சி யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள். “மூச்சு விடுங்க” என்பாள். அவர்கள் விட்டதும் எடுத்துவிடுவாள். அந்த ஒரு நொடியில் ஆள் தன் சொந்த முகத்துக்குத் திரும்பி வந்திருப்பான். இதற்காகவே மூன்று பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு.

போன வருடம் அவளுடைய வலது மணிக்கட்டு போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. நர்ஸிங் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரே நாளில் தெரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறிச் சான்றிதழ் வாங்குவார்கள். ஆளுக்கு இரண்டு படம், எல்லாம் நிமிர்ந்த வாக்கில். அதற்குக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கிப் பிடிக்க வேண்டும். அறுநூறாவது பெண் வரும்போது விரல் மரத்துவிட்டது. சட்டக்காரர் கேமராவை வாங்கி எடுத்தார். நாற்பது படம் கலங்கிப்போனது.

ஒரு மாதம் கழித்து ஓர் அம்மா அந்த நாற்பதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். துணி வெளுக்கிறவர். கை விரல்கள் ஊறிப்போய் வெள்ளையாக இருந்தன. சண்டை போடவில்லை. “இதுல என் பொண்ணு மூஞ்சி எதும்மா?” என்று மட்டும் கேட்டார். தங்கச்சி அந்தப் பெண்ணை வரவழைத்து, அங்கியை வாடகைக்கு எடுத்து, மறுபடி படம் பிடித்துக் கொடுத்தாள். ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கேள்வி தீரவில்லை.

இந்த வருடமும் கல்லூரி அவளைத்தான் கூப்பிட்டது. “இன்னொரு தடவை பாக்கலாம்னு பிரின்சிபால் சொல்லிட்டாங்க” என்று அங்கிருந்து வந்த அம்மாள் சொன்னது எனக்கும் கேட்டது. இன்னொரு தடவை என்றால் இதுதான் கடைசித் தடவை என்று பொருள். எலும்பு டாக்டரோ, “கேமராவ தூக்கலாம், கைய முறுக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தார்.

முறுக்காமல் எடுக்க ஒரு வழி உண்டு. கேமராவின் அடியில் மாட்டுகிற பேட்டரி கிரிப். உள்ளே இரண்டு பேட்டரி போகும். அதன் ஓரத்தில் படம் எடுக்கிற பட்டன் இன்னொன்று இருக்கும். கேமராவைத் திருப்பினாலும் கை சாதாரணமாகவே பிடிக்கும், முழங்கை இடுப்போடு இருக்கும்.

கிரிப் வாங்குவது என்று முடிவானதும் பிரச்சினை கிளம்பிற்று. காரணம் அடாப்டர்.

அடாப்டர் என்பது சட்டக்காரரின் தம்பி. இரண்டு தெரு தள்ளி கேமரா சாமான் கடை வைத்திருக்கிறான். எந்த லென்ஸும் எந்த கேமராவுக்கும் பொருந்தும், நடுவில் ஒன்றைப் போட்டால் போதும் என்பது அவன் கொள்கை. பேர் அப்படி வந்தது. ஒன்பதாவது படிக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தவன், அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இந்த வருடம் பார்த்து அவன், கேமரா கம்பெனி செய்யாத வெளி கம்பெனி கிரிப்பில் நூற்றைம்பது பெட்டியை மொத்தமாக இறக்கிவிட்டான். அவன் கடை வாசலில் பெட்டிச் சுவர் எழும்பியது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தலை மட்டும் தெரியும்.

ஒரு மழைக் காலையில் பெட்டி ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் வந்தான். நானும் டம்ளரோடு போய் நின்றேன்.

“அண்ணி, கைய நீட்டுங்க” என்று கிரிப்பை அவள் உள்ளங்கையில் வைத்தான். “கம்பெனிக்காரன் கிரிப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க பாப்போம்.”

தங்கச்சி அதைத் திருப்பிப் பார்த்தாள். “ரப்பர் நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கா? கம்பெனிக்காரன் ரப்பர் ரெண்டு வருஷத்துல வீங்கி உரிஞ்சு வரும். இது வராது.”

“உனக்கு எப்படிடா தெரியும்? இது வந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது” என்றார் சட்டக்காரர்.

“நீ சட்டம் அறு” என்றான் அவன். “அண்ணி, வெளிப்படையாவே சொல்றேன். இந்த ஊர்ல நாற்பது போட்டோகிராபர் இருக்காங்க. உங்க கையில எது இருக்குன்னு பாத்துட்டுத்தான் அவங்க வாங்குவாங்க. அந்த விழாவுல நீங்க இத மாட்டிக்கிட்டு நின்னா என் பெட்டிச் சுவரு ஒரு மாசத்துல இடிஞ்சிடும்.”

“நான் நின்னு, இது நின்னுபோச்சுன்னா?”

“நிக்காது.”

“நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் தங்கச்சி.

அவள் பார்க்கிறேன் என்றால் பார்ப்பாள். மூன்று நாள் அந்தக் கிரிப்பைக் குடைந்தாள். பட்டனை லேசாக அழுத்தினால் ஃபோகஸ், அதாவது குறி, பிடிக்க வேண்டும், முழுக்க அழுத்தினால் படம் விழ வேண்டும். அந்த இரண்டு படியும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை அழுத்தினாள். தெரிந்தது. கனமான லென்ஸை மாட்டி மொட்டைமாடியில் காயப்போட்ட போர்வைகளை எடுத்தாள். சட்டக்காரரைக் கதவுக்கும் மேஜைக்கும் நடக்கவிட்டு எடுத்தாள். அவர் சட்டக் கட்டையைச் சான்றிதழ் போலக் கையில் பிடித்து நடந்து நடந்து, “எனக்கு இன்னும் வேலை கெடைக்கலையா?” என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். தங்கச்சி கேமராவைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“இருநூத்து எழுபதாவது படம் அண்ணே. திரை அணைஞ்சு திரும்ப எரியுது.”

கிரிப்பைக் கேமராவோடு பிணைக்கிறது அடியில் உள்ள ஒரே ஒரு திருகு. ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே ஓர் அதிர்வு. அதிர அதிரத் திருகு இம்மி இம்மியாகக் கழன்று, பேட்டரி முனை தொடாமல் போகிறது. இறுக்கினால் சரியாகிவிட்டது. மறுபடி எடுத்தாள். இருநூற்று அறுபத்தெட்டில் மறுபடி அணைந்தது.

சாயங்காலம் அடாப்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

“கழண்டா இறுக்குங்க. அதுக்கென்ன? கம்பெனி திருகு மட்டும் கழலாதா?”

“கழலலாம். எனக்குத் தெரியாது. ஆனா மேடையில ஒரு பொண்ணு நிக்கிற நேரம் ரெண்டு நொடி. அந்த ரெண்டு நொடியில இது அணைஞ்சா அவ மறுபடி ஏறி வரமாட்டா.”

“மனசு வச்சா எடுத்துடலாம் அண்ணி.”

“மனச வச்சு எடுக்கலடா, கைய வச்சு எடுக்குறேன். அந்தக் கையே சரியில்ல.”

“சரி, உங்களுக்கே என் சாமான் மேல நம்பிக்கை இல்லன்னா ஊர்ல யாருக்கு வரும்?” என்று கேட்டுவிட்டுப் போனவன் ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பக்கமே வரவில்லை. சட்டக்காரர் அத்தனை நாளும் ஆணியைவிடத் தன் விரலைத்தான் அதிகம் அடித்தார். தம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்குச் சுத்தியல் நேராக விழாது.

தங்கச்சி அசல் கிரிப்பையே வாங்குவது என்று தீர்மானித்தாள். கம்பெனி கடையில் கேட்டால் கையிருப்பு இல்லை, மூன்று வாரம் ஆகும் என்றார்கள். விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. வாடகைக்கும் கிடைக்கவில்லை, அந்த வாரம் எல்லாருக்கும் வேலை இருந்தது. சட்டக்காரர் தினமும் சந்தைப் பக்கம் போய் வந்தார். விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் வேர்க்க விறுவிறுக்க வந்து ஒரு பெட்டியை மேஜையில் வைத்தார். கம்பெனி பேர், மினுக்குகிற ஒட்டுத்தாள், எல்லாம் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தான். அசல்” என்றார். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

தங்கச்சி பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அடாப்டர் உள்ளே வந்தான். கொடுத்துவிட்டுப் போன தன் கிரிப்பைத் திருப்பி வாங்கிப்போகத்தான் வந்தான், உட்காரவில்லை. மேஜைமேல் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தான். கையில் எடுத்தான். எடை பார்த்தான். பேட்டரித் தட்டை வெளியே இழுத்து மூக்கருகே கொண்டுபோனான். பிறகு பெட்டியில் அச்சடித்த நம்பரைப் படித்தான், கிரிப்பில் இருந்த நம்பரைப் படித்தான். எல்லாவற்றையும் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

“பில்லு குடுத்தானா?”

“பில்லு எதுக்குடா? கம்பெனி பெட்டி.”

அடாப்டர் நினைத்திருந்தால் கைகொட்டிச் சிரித்திருக்கலாம். பேசாமல் கிளம்பிப் போயிருக்கவும் செய்யலாம். “அண்ணே, இது அசல் இல்ல” என்றான், மெதுவாக. “இந்த நம்பர நான் நாலு பெட்டியில பாத்துட்டேன். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் மாறணும், எல்லாத்துலயும் இதே நம்பர்தான். அசல்னா உள்ளே உலோகச் சட்டம் இருக்கும், கனமா இருக்கும். தட்டிப் பாரு.”

சட்டக்காரர் தட்டினார். பிளாஸ்டிக் டப்பா சத்தம் வந்தது. தங்கச்சி அதைக் கேமராவில் மாட்டிப் பட்டனை லேசாக அழுத்தினாள். குறி பிடிக்காமலேயே படம் விழுந்தது, அதுவும் இரண்டாக. கையை எடுத்த பிறகும் ஒன்று விழுந்தது.

சட்டக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஒரு வாரமா அலைஞ்சு போலிய வாங்கிட்டு வந்திருக்கேன்” என்றார்.

“நீங்க அலைஞ்சது போலி இல்லையே” என்றாள் தங்கச்சி. அதற்கு மேல் அவரை ஆறுதல் படுத்த அவளுக்கு நேரமில்லை. கொழுந்தனார் பக்கம் திரும்பினாள். “தம்பி, உக்காரு. வியாபாரத்த மறந்துட்டுச் சொல்லு. நாளைக்கு உன் கிரிப்ப நம்பி நான் நிக்கலாமா?”

அவன் உட்கார்ந்தான். தன் கிரிப்பை எடுத்து அந்தத் திருகை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தான். வெளியே மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நிக்கலாம்” என்றான் கடைசியில். “ஆனா நீங்க சொன்னது சரிதான். கழலுது. நான் கடையில போய் ஆறு பெட்டிய எடுத்துப் பாத்தேன். ஆறும் கழலுது. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வரல.”

“எத்தனாவது படத்துல?”

“இருநூத்து அம்பதுக்குக் கீழ ஒண்ணுகூட அணையல.”

தங்கச்சி முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. “அது போதும். இந்தப் போலி எப்ப என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. உன்னோடது என்ன செய்யும்னு எனக்கு நம்பரோட தெரியும்” என்றவள், “அண்ணே, பேர்ப் பட்டியல் உங்ககிட்டதானே ஜெராக்ஸ் போட்டாங்க? ஒரு வகுப்புல எத்தனை பேர்?” என்று என்னைக் கேட்டாள்.

“அறுபதுலேருந்து அறுபத்து மூணு. பதினேழு வகுப்பு.”

“ஆளுக்கு ரெண்டு படம். ஒரு வகுப்புக்கு நூத்து இருபத்தாறு. வகுப்பு மாறும்போது பேர் வாசிக்கிறவங்க தண்ணி குடிப்பாங்க. அப்ப ஒரு இறுக்கு.”

மறுநாள் என்னையும் பட்டியலோடு கூட்டிக்கொண்டு போனாள். மேடைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி போட்டு அதில் ஏறி நின்றாள். முழங்கை இரண்டும் இடுப்பில் ஒட்டியிருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேருக்கும் ஒரு டிக் போட்டேன். சட்டக்காரர் மாற்றுப் பேட்டரிகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். படியிலிருந்து பிரின்சிபால் நிற்கிற இடத்துக்குச் சரியாக ஏழு எட்டு வைக்க வேண்டும். ஏழாவது எட்டில் பெண் நிற்பாள், கை நீளும், சான்றிதழ் மாறும். டிக், டிக். அடுத்த பெண்.

மேடைமேல் இருக்கிறவர்களிடம் மூச்சு விடச் சொல்ல முடியாது. ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கியதும் அவர்களே விடுகிறார்கள் என்று முதல் வகுப்பிலேயே கண்டுகொண்டாள். முதல் படம் கை மாறும்போது, இரண்டாவது அந்த மூச்சுக்கு. வகுப்பு முடிந்தால் கேமராவை இறக்கி, இடது கட்டைவிரலால் திருகை ஒரு தள்ளு. அரங்கு முழுக்க ஈரக் குடைகளின் வாடை. மத்தியான இடைவேளையில் பன்னும் டீயும். “கை எப்படிம்மா?” என்றேன். “என் கைதானான்னு சந்தேகமா இருக்கு, வலிக்கவே இல்ல” என்றாள், பன்னைக் கடித்துக்கொண்டே.

பதினோராவது வகுப்பு முடிந்ததும் பேர் வாசித்த அம்மாள் தண்ணீர் குடிக்கவில்லை. யாரோ காதில் ஏதோ சொன்னார்கள், நேரமாகிவிட்டது போலிருக்கிறது. மூச்சு விடாமல் பன்னிரண்டாம் வகுப்பை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முதல் பெண் ஏற்கெனவே படியில். இருநூற்று ஐம்பதுக்கு இடம் இருக்கிறது என்று தங்கச்சி திருகை இறுக்காமல் விட்டுவிட்டாள். வகுப்பின் கடைசியில் நான்கு பேர் இருக்கும்போது அவள் தோள் இறுகுவதைப் பார்த்தேன்.

“ஆடுது” என்றாள், உதடு அசையாமல்.

நிறுத்தச் சொல்லிக் கை காட்டலாமா என்று சட்டக்காரர் முன்னால் வந்தார். அவள் தலையை ஆட்டினாள். ஒரு பெண்ணுக்கு டிக், டிக் என்று முடித்தாள். அடுத்த பெண் படியில் கால் வைத்தாள். ஒன்று, இரண்டு. தங்கச்சி கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலேயே இடது கையை லென்ஸிலிருந்து விட்டாள். அவ்வளவு கனமும் வலது கையில். மூன்று, நான்கு. கட்டைவிரல் திருகைத் தேடிப் பிடித்தது. ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. ஆறு. இடது கை லென்ஸுக்குத் திரும்பியது. ஏழு.

டிக், டிக்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். நான் பட்டியலில் போட்ட டிக் மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. ஆயிரத்து அறுபத்தைந்து பேர். தங்கச்சி அரங்கின் படியிலேயே உட்கார்ந்து கடைசியிலிருந்து முதல் வரை படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நானும் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஒரு முகம் விடுபடவில்லை, ஒரு முகம் கலங்கவில்லை. சட்டக்காரர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னாலிருந்து அடாப்டர் வந்தான். காலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறான், கடை திறக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பன்னெண்டாவது வகுப்புல என் உசிரே போயிடுச்சு அண்ணி.”

“என் கை போகல. அதுவே போதும்.”

“வாசல்ல நாலு போட்டோகிராபர் கேட்டாங்க. அக்கா வச்சிருக்கிறது எது, நாளைக்கு வரோம்னாங்க.” சொன்னவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. “கடை நாளைக்கும் கிடையாதுன்னு சொல்லிட்டேன். உங்க கட்டைவிரல் மாதிரி எல்லாருக்கும் இருக்காது. இப்படியே வித்தா எவனாவது ஒருத்தன் மேடைக்குக் கீழ நின்னு என்னைத் திட்டுவான்.”

“பின்ன என்ன செய்யப் போற?”

“தெரியல. திருப்பி அனுப்பலாம்னு பாக்குறேன்.”

சட்டக்காரர் கிரிப்பைக் கழற்றிக் கையில் வைத்து அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மேடையைவிட அந்தத் திருகைத்தான் அவர் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். “பித்தளைத் திருகு பிளாஸ்டிக் மேல உக்காந்திருக்கு. வழுக்காம என்ன செய்யும்?” என்றார். “நடுவுல மெல்லிசா ஒரு கார்க் வளையம் போட்டா கவ்விக்கும்டா. கண்ணாடிக்குப் பின்னால நான் குடுக்கிற அதே கார்க்.”

அடாப்டர் அண்ணனைப் பார்த்தான். “நடுவுல ஒண்ணு போட்டா போதுங்கிற.”

“ஆமா. அதேதான்.”

அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை பின்னறையில் பெட்டிச் சுவர் எழும்பியது. சட்டக்காரர் கார்க் தாளை விரித்து வளையம் வளையமாக வெட்டினார். அடாப்டர் பெட்டியைப் பிரித்து, திருகைக் கழற்றி, வளையத்தை மாட்டி, மறுபடி பூட்டினான். நான் கடையை அரைக் கதவில் விட்டுவிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க ஒரு துண்டுச் சீட்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி சொல்லி அடாப்டர் எழுதியது: ‘இது கேமரா கம்பெனி செய்ததல்ல. கார்க் வளையம் எங்கள் கையால் போட்டது. வேலைக்குப் போகுமுன் திருகை ஒருமுறை பாருங்கள்.’

முதலில் பூட்டியதைத் தங்கச்சி கேமராவில் மாட்டி, செங்குத்தாகத் திருப்பி, சுவரைப் பார்த்து விரலை வைத்தாள். டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. இருநூறு தாண்டியது. முந்நூறு தாண்டியது. அடாப்டர் கையில் வைத்திருந்த பெட்டியைப் பிரிக்காமலேயே அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அறுநூறில் அவள் விரலை எடுத்து, கிரிப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

“அடுத்ததக் குடுடா” என்றாள்.